புதன்கிழமை வரை நிற்க வேண்டிய நெல்

திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கிற அந்த வேளாண்மை விரிவாக்க மையத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பாண்டீஸ்வரி விதைக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உதவி வேளாண்மை அலுவலர் என்பது அவள் பதவி. ஆனால் அந்த வட்டாரத்து விவசாயிகளுக்கு அவள் முகத்தைவிடக் குரல்தான் அதிகப் பழக்கம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் பேசி அனுப்புகிறவள் அவள்தான். எந்த ஊரில் என்ன பயிற்சி, மண் பரிசோதனை வண்டி எங்கே நிற்கும், குறைதீர் கூட்டம் என்றைக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அலுவலகச் செய்தி ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்வாள். ஜீப் டிரைவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான், கிடங்குக்குப் புதிதாக வந்திருப்பவருக்கு உசிலம்பட்டிப் பக்கம் என்பது போன்றவை. மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசினால் பஸ் சத்தம் உள்ளே வராது என்பதால்தான் கிடங்கு.

உண்மையைச் சொன்னால், ஜனங்கள் காத்திருந்தது அந்தக் கடைசிச் செய்திக்குத்தான். யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரிந்துகொள்வதில் நம் ஆட்களுக்கு இருக்கிற ஆசை, யூரியா எப்போது வரும் என்பதில்கூடக் கிடையாது. பயிற்சியைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். டிரைவர் பேரனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அவளிடமே திருப்பிக் கேட்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரிசையை மாற்றிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அன்று மத்தியானம்தான் அவளுடைய அலுவலர் சேக் மைதீனுக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்திருந்தது. அழகர்கோவில் பக்கம் போகிறார், திங்கட்கிழமை சாயங்காலம் இங்கே கடைசி. மதுரை டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவர் அவர். ஆனாலும் வயலில் இறங்கும்போது செருப்பை வரப்பிலேயே கழற்றிப்போடுவார். அடுத்தவர் முன்னால் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சந்தோஷமான செய்திதான், என்றாலும் பாண்டீஸ்வரிக்கு அதை விட்டு வேறு நினைப்பு ஓடவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் முதலில் அதுவே வந்துவிட்டது. அவர் மாறிப் போகிறார் என்று ஆரம்பித்து, அவரைப் பற்றி நீளமாகப் பேசி, நடுவில் மூக்கை உறிஞ்சி, எல்லாம் முடிந்த பிறகு வாலில் கட்டிய மாதிரி ஒரு அறிவிப்பைச் சொன்னாள். வருகிற புதன்கிழமை காலையில் மருதங்கண்மாய் நல்லகாமன் அண்ணன் வயலில் வயல் விழா, எல்லோரும் வாருங்கள் என்று.

ஒருத்தர்கூட வால் வரைக்கும் கேட்கவில்லை. 'மாறிப் போகிறார்' என்பது காதில் விழுந்ததுமே ஆளாளுக்குக் கும்பிடு படமும் மாலைப் படமும் அனுப்ப ஆரம்பித்தார்கள். 'வாழ்த்துகள் ஐயா', 'எங்களை மறந்துறாதீக ஐயா' என்று விடிய விடிய வந்துகொண்டே இருந்ததில், அவள் பேசி அனுப்பியது மேலே எங்கேயோ போய் மறைந்துவிட்டது.

அந்த வால்தான் அவளுக்கு உயிர். வயல் விழா என்றால் வேறொன்றுமில்லை. அறுவடைக்கு நிற்கிற பயிரை நாலு ஊர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டி, அவர்கள் கண் முன்னால் ஒரு சின்னச் சதுரத்தை அறுத்து, அடித்து, எடை போட்டுக் காட்டுவார்கள். பயிர் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அறுத்த தாளுக்கு நடுவில் பந்தல் போட்டு மைக் பிடிப்பதுதான் மிச்சம்.

நல்லகாமன் அவள் பேச்சைக் கேட்டு, நாற்றங்கால் போடாமல், நடவு இல்லாமல், உருளையில் விதை நெல்லைப் போட்டு இழுத்துக்கொண்டு போகிற கருவியால் நேரடியாக வரிசை விதைப்பு செய்திருந்தார். அந்த ஊரில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். முளைத்து வந்தபோது வயல் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் நடவு வயல்கள் பச்சைப் பாயாகக் கிடக்க, இவர் வயலில் வரிசைக்கு வரிசை மண் தெரிந்தது. டீக்கடையில் அதற்குச் சொட்டை வயல் என்று பெயர் வைத்தார்கள். நல்லகாமனுடைய மனைவி இருளாயி அதற்குப் பிறகு பாண்டீஸ்வரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'வாங்க மேடம்' என்பாள். அந்த மேடத்தில் ஒரு கிள்ளு இருக்கும். மார்கழியில் பயிர் பக்கக் கிளை விட்டுத் தூர்கட்டி இடைவெளி அடைபட்டு, தை மாதம் கதிர் சாய்ந்து நின்றபோதும் டீக்கடை விட்டுக்கொடுக்கவில்லை. தழைதான் இருக்கிறது, மணி இருக்காது என்றார்கள். அவர்கள் முன்னால் அறுத்து எடை போட்டால்தான் அந்த வாய் மூடும். போடாவிட்டால், அவளை நம்பிய மனிதர் ஆயுசுக்கும் சொட்டை வயல்காரர்தான். அடுத்த போகத்தில் அந்த ஊரில் ஒருவரும் அவள் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமயநல்லூரில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் வரிசையில் நின்றபடி பாண்டீஸ்வரி போனைத் திறந்தாள். கும்பிடு படங்களுக்குக் கீழே ஒரு போட்டோ. அறுவடை மிஷின்களைக் கூட்டி வருகிற புரோக்கர் ஜெயபாண்டி போட்டிருந்தான். சேலம் பக்கத்து மிஷின் ஒன்று மருதங்கண்மாய் வரப்பில் நிற்கிறது. வேண்டியவர்கள் பெயர் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நல்லகாமன் குரல்.

"மாப்ள ஜெயபாண்டி, நம்ம தெக்கு வயலயும் சேத்துக்க. ஆபீசர்தான் மாறிப் போறாராம்ல, இனி விழாவாவது ஒண்ணாவது."

அந்தப் பக்கம் அறுவடை நேரத்தில் மிஷின் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊருக்குள் வந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளாவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி வருகிற வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் நல்லகாமனைக் குற்றம் சொல்ல முடியாது. பாண்டீஸ்வரி உடனே நல்லகாமனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் சட்டையைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டியிருப்பார், போன் அதன் பையில் கிடந்து கத்தும். ஜெயபாண்டி எடுத்தான், ஆனால் மிஷின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருளாயியைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் நம்பர் இல்லை. இத்தனை நாள் பழகியும் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் நம்பரை வாங்கி வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கறி வாங்கும் பையைக் கூட வந்த புருஷன் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனாள். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டிக்கொண்டபோதுதான் சேக் மைதீனுக்குப் போன் போட்டாள். தன்னால்தான் இவ்வளவும், வரிசையை மாற்றிச் சொல்லித் தொலைத்துவிட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி லத்தீபா டேப்பை எங்கே வைத்தீர்கள் என்று கேட்பது காதில் விழுந்தது.

"நிக்கும்மா, இன்ஷா அல்லாஹ். நெல்லு போனா அடுத்த போகம் வெதச்சுக்கலாம். நீ வண்டிய மெல்ல ஓட்டு."

மெல்ல ஓட்ட அவளால் முடியவில்லை. திருமங்கலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள்தான். நெல் தாள் சிதறிக் கிடந்தது. மிஷின் போன தடத்தில் கொக்குகள் இறங்கி நடந்தன. மருதங்கண்மாய் மடையைத் தாண்டும்போது நல்லகாமன் வயலுக்கு வடக்கே இருந்த வயலும் மொட்டையாகக் கிடப்பது தெரிந்தது. அவ்வளவுதான், போயிற்று என்று அவள் மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

வளைவு திரும்பினாள். வயல் நின்றது. மஞ்சளேறிய கதிர்கள் ஒரு மூலைகூடக் குறையாமல் சாய்ந்து நின்றன. அதற்கு வெளியே வரப்பை ஒட்டி மிஷின் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. இறங்கினவள் ஸ்டாண்டு போட மறந்துவிட்டாள், ஸ்கூட்டர் அது பாட்டுக்கு வாய்க்காலுக்குள் சாய்ந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

மிஷின் உள்ளே இறங்குவதற்காக வரப்பை வெட்டி வழி செய்திருந்தார்கள். அந்த வழியில் இருளாயி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ரேஷன் கடையில் முறை வரட்டும் என்று காத்திருக்கிறவள் போல நிதானமாக இருந்தாள். நல்லகாமன் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். ஏன் மறிக்கிறாய், காரணத்தைச் சொல் என்று அவர் கேட்பதற்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். புதன்கிழமை வரைக்கும் கிடக்கட்டும். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் அங்கே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஜெயபாண்டி தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான். மிஷின் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு நஷ்டம்.

பாண்டீஸ்வரி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். விழா நிற்கவில்லை, அலுவலர்தான் மாறுகிறார், தான் சொன்ன வரிசைதான் தப்பு என்றாள். நல்லகாமன் நம்பவில்லை.

"போன ஆபீசர் போனப்ப தேனீப் பெட்டி போச்சு. அதுக்கு முன்னாடி இருந்தவரு போனப்ப பந்தக் காய்கறி போச்சு, கல்லுக்காலு மட்டும் நிக்குது. ஆளு போனா அவரு கொண்டாந்ததும் போகும். நாங்க பாக்காததா மேடம்?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் கல்லுக்கால்களில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். அரசாங்கத்துக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சார்தான போறாரு அண்ணே. நான் எங்கயும் போகலையே."

நல்லகாமன் துண்டை உதறுவதை நிறுத்தினார். பாண்டீஸ்வரி வயலுக்குள் இறங்கி நாலு இடத்தில் கதிரை உருவி, மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். கதிரின் அடிப்பக்கம் இன்னும் பச்சை மாறவில்லை, புதன்கிழமை வரைக்கும் ஒரு மணி உதிராது என்றாள். அவர் மேற்கே வானத்தைப் பார்த்தார். மழை வந்தால் என்ன செய்வது என்பது அதற்கு அர்த்தம். அதற்கு அவளாலும் உறுதி சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய கேள்வி, மிஷின் போய்விட்டால் திரும்ப வருமா என்பது. இதற்கு வழி சொன்னவன் ஜெயபாண்டிதான். புதன்கிழமை எத்தனை ஊர் ஆட்கள் வருவார்கள் என்று விசாரித்தான். பாண்டீஸ்வரி சொன்னதும் அவன் முகம் மாறிப்போனது. அத்தனை விவசாயிகள் ஒரே வயலில் கூடுகிற இடத்தில் தன் மிஷினும் நின்றால் அடுத்த பத்து நாளைக்கு வேலை தேடி அலைய வேண்டாம். அதுவரைக்கும் பக்கத்து ஊரில் ஓட்டுகிறேன், புதன்கிழமை மத்தியானம் இந்த வயலுக்குத்தான் முதல் இறக்கம் என்று குலசாமி மேல் சத்தியம் செய்தான். மனிதன் புரோக்கர். இருந்தாலும் அந்த நிமிஷம் பாண்டீஸ்வரிக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மிஷின் நகர்ந்து போன பிறகுதான் இருளாயி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனாள். பாண்டீஸ்வரியும் பின்னாலேயே போய், நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் என் மானமே போயிருக்கும் மதினி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருளாயி கையை விடுவித்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினாள்.

"ஒனக்காக மறிக்கலத்தா," என்றாள். அந்த 'மேடம்' அன்றைக்கு எங்கேயோ போய்விட்டது.

மூன்று கல் தள்ளி இருக்கிற ஊரில் இருளாயிக்கு ஒரு தம்பி. பெயர் கருத்தக்கண்ணன். ஒரே தம்பி. இருளாயியின் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலைதான் முதலில் விழ வேண்டும். கருத்தக்கண்ணன் ஆட்கள் வந்த வேன் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் போகிறது என்று நல்லகாமன் தன் பங்காளி ஒருவரை மாலை போடச் சொல்லிவிட்டார். கருத்தக்கண்ணன் மாலையோடு வந்து இறங்கியபோது தாலி ஏறியிருந்தது. மாலையை மண்டப வாசலிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பேத்திக்குப் பால் பல் விழுந்து வேறு பல்லும் முளைத்துவிட்டது, மச்சினனும் மச்சானும் இன்னும் முகத்தில் முழிக்கவில்லை. இரண்டு பேருக்கும் உள்ளூர ஆசைதான். ஆனால் விசேஷம் என்று ஒன்று இல்லாமல் யார் முதலில் வாசலை மிதித்தாலும் அவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் மனிதர்கள் சொத்தை விட்டாலும் விடுவார்கள், இதை விட மாட்டார்கள்.

இருளாயி இதைச் சொன்னபோது பாண்டீஸ்வரிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் விழா நோட்டீசை ஊர் ஊராகக் கொடுக்கக் கிளம்பிய அன்று, இருளாயி தானாகவே வந்து, இன்ன ஊரில் கருத்தக்கண்ணன் என்று ஒரு விவசாயி இருக்கிறார், அவருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள் மேடம் என்று சொல்லியிருந்தாள். யார் என்ன என்று பாண்டீஸ்வரி கேட்டுக்கொள்ளவில்லை. போய்க் கொடுத்தாள். அவர் வாங்கி, யாருடைய வயல் என்று கேட்டார். சொன்னதும் உள்ளே போனார். பிறகு மோர் கொடுத்து அனுப்பினார்.

"நீ குடுத்தது கெவுருமெண்டு நோட்டீசு. அதுக்கு அவன் வந்தா எறங்கி வந்ததா ஆகாது. இவரு கூப்பிட்டதாவும் ஆகாது." இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வீட்ல இனி ஒரு விசேஷம் இல்லத்தா. காதுகுத்து முடிஞ்சுச்சு, கல்யாணம் முடிஞ்சுச்சு. இனி இவுக ரெண்டு பேத்துல ஒருத்தர் கண்ண மூடுனாத்தான் மத்தவரு வாசல மிதிப்பாரு. அதுக்கு முன்னாடி ஒரு நல்லதுல பாத்துக்கிறட்டுமே."

தம்பி நோட்டீசை வாங்கி என்ன செய்தான் என்று இருளாயி கேட்டாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டார் என்றாள் பாண்டீஸ்வரி. கிழிக்கவில்லையே என்று இருளாயி மறுபடியும் கேட்டாள். இல்லை மதினி, மடித்துத்தான் வைத்தார் என்று பாண்டீஸ்வரி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். இது நல்லகாமன் காதுக்குப் போகக் கூடாது, போனால் வீம்புக்கு அப்போதே அறுத்துவிடுவார் என்று இருளாயி எச்சரித்தாள். பிறகு பாண்டீஸ்வரி மோட்டார் ரூமுக்குள் நின்றபடியே குழுவில் இன்னொரு முறை பேசி அனுப்பினாள். புதன்கிழமை நல்லகாமன் அண்ணன் வயலில் விழா, கட்டாயம் நடக்கும், எல்லோரும் வாருங்கள். அவ்வளவுதான். வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சேக் மைதீனுக்கு அலுவலகத்தில் டீயும் மிக்சரும் வைத்து வழியனுப்பினார்கள். அவரைப் பேசச் சொன்னதற்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வயல் நிற்கிறதா என்று பாண்டீஸ்வரியிடம் கேட்டார். நிற்கிறது என்றதும், அப்படியென்றால் புதன்கிழமை விருந்தாளியாக வருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டது. மத்தியானம் நாலு தூறல் விழுந்தது. பாண்டீஸ்வரி எந்தத் தெய்வத்தையும் மிச்சம் வைக்கவில்லை, பாண்டி கோயிலில் ஆரம்பித்து, வழியில் தென்பட்ட தர்கா வரைக்கும் வேண்டிக்கொண்டாள். சாயங்காலம் காற்றடித்து மேகம் கிழக்கே ஓடியது.

புதன்கிழமை காலை வயலோரம் பந்தல், நாற்காலிகள், மைக். மாவட்டத்திலிருந்து இணை இயக்குநர் அம்மா காரில் வந்து இறங்கினார். டீக்கடைக் கூட்டம் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது, சிரிக்கத் தயாராக. சேக் மைதீன், புது இடத்தில் சேர்ந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு, லத்தீபாவோடு வந்துவிட்டார். ஜெயபாண்டி மிஷினைக் கழுவி, சந்தனம் வைத்து வரப்பில் நிறுத்தியிருந்தான். நல்லகாமன் வெள்ளை வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார். இருளாயி வந்தவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவைக் கிளறுவாள், ரோட்டைப் பார்ப்பாள், மறுபடியும் கிளறுவாள்.

கருத்தக்கண்ணன் வரவில்லை.

இணை இயக்குநர் அம்மாவுக்கு இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது, சீக்கிரம் அறுக்கச் சொல்லுங்கள் என்றார். பாண்டீஸ்வரி மைக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். விதை நேர்த்தியை விளக்கினாள். களையை விளக்கினாள். களையை மறுபடியும் விளக்கினாள். சேக் மைதீன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார், அவள் இவ்வளவு சுற்றிவளைத்துப் பேசி அவர் கண்டதில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கயிறு கட்டிச் சதுரம் பிடித்து அறுத்தார்கள். தார்ப்பாயில் அடித்தார்கள். தூற்றி மூட்டையில் அள்ளினார்கள். இருளாயி அடுப்பை விட்டு எழுந்து பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பாண்டீஸ்வரியால் பார்க்க முடியவில்லை.

எடை போடுவதில் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தராசை ஒரு கம்பில் தொங்கவிட்டு இரண்டு பேர் தோளில் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் வயல்காரர். இன்னொருவர் கண்டிப்பாக வெளியூர்க்காரர், அப்போதுதான் உள்ளூரில் ஒருவரும் கள்ள எடை என்று வாய் திறக்க முடியாது. வெளியூர் ஆள் யாராவது ஒருத்தர் வாங்க என்று பாண்டீஸ்வரி மைக்கில் கூப்பிட்டாள். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால், கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற பாதையில், வேப்பமரத்துக்கு அடியில் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், கழுத்தில் பச்சைத் துண்டு. இருளாயி ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கரை வழியாக வந்து எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. பந்தலுக்குள் வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பாண்டீஸ்வரி அவரைப் பார்த்தாள். பார்த்த உடனே இரண்டாவது முறையாக மைக்கில், அந்த வேப்பமரத்தடி அண்ணே வெளியூர்தானே, கொஞ்சம் வந்து பிடிங்க என்றாள். அவளுக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

கருத்தக்கண்ணன் நடந்து வந்தார். கூட்டத்தில் பேச்சு அடங்கியது. அந்த ஊரில் அந்தப் பகை தெரியாத பிள்ளைகூடக் கிடையாது. நல்லகாமன் கம்பின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவரைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இப்போது கம்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றே பாண்டீஸ்வரி நினைத்தாள். அவர் போகவில்லை. கருத்தக்கண்ணன் குனிந்து மறுமுனையை எடுத்துத் தோளில் வைத்தார். மூட்டையை மாட்டினார்கள். கம்பு ஒரு பக்கம் தாழ்ந்தது, தராசு நல்லகாமன் பக்கம் சரிந்து மூட்டை அவர் மேல் இடித்தது, முள் நிற்கவில்லை.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க மச்சான். மூட்ட ஒங்க மேல இடிக்குது," என்றார் கருத்தக்கண்ணன்.

நல்லகாமன் எதிரே பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்தார்.

"நான் எம்புட்டுத் தூக்குறது? நீ ஒசரம். நீதான் கொஞ்சம் குனியணும், மாப்ள."

கருத்தக்கண்ணன் முழங்காலை மடக்கிக் குனிந்தார். கம்பு நேராயிற்று.

முள் ஆடி நின்றதும் பாண்டீஸ்வரி எடையைப் படித்தாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை, சேக் மைதீன் பக்கத்தில் வந்து பார்த்து உரக்கத் திருப்பிச் சொன்னார். பக்கத்து நடவு வயலுக்கு விழுந்ததைவிட நன்றாகவே கூட இருந்தது. டீக்கடைக் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து வந்து மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு, அந்த உருளைக் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். பாண்டீஸ்வரி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. இணை இயக்குநர் அம்மா கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். ஜெயபாண்டியைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள்.

மூட்டையை எப்போதோ கழற்றியாகிவிட்டது. இரண்டு பேரும் இன்னும் அந்த வெறுங்கம்பைத் தோளில் வைத்தபடியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். விதை எந்த ரகம், எத்தனை தண்ணீர் விட்டீர்கள் மச்சான், எலி வெட்டு இருந்ததா மாப்ள என்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்பைக் கீழே வைத்தால் பேச்சு அறுந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம் போலிருக்கிறது.

இருளாயி கரண்டியோடு அங்கே போய் நின்றாள். முதலில் தம்பி முகத்தைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கம்ப எறக்கி வச்சுட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்கய்யா. சோறு ஆறுது."